கொடிக்குள் இருந்த சாவி

முத்தியால்பேட்டையில் எங்கள் வாடகை வீட்டு மொட்டைமாடிக்கு முதல்முறை வருகிறவர்கள் கொஞ்சம் மிரண்டுதான் போவார்கள். துணி காயப்போடும் கயிற்றில் வேர்கள் தொங்கும். தண்ணீர்த் தொட்டி ஓரமாகக் கொடிகள் சுருள் சுருளாகக் கிடக்கும். கேபிள் சரிபார்க்க வந்த ஒருவர் அவற்றைப் பாம்பென்று நினைத்து, பாதிப் படியிலேயே நின்றுவிட்டார்.

என் பிழைப்பே அவற்றில்தான். புயலுக்குப் பிறகு வைத்திக்குப்பம் கரையில் ஒதுங்கும் வேர்க்கட்டைகள், கரண்டு கம்பிக்கு இடைஞ்சல் என்று வெட்டிப்போட்ட ஆலம் விழுதுகள், வேலியில் படர்ந்த கொடிகள் என்று எது கிடைத்தாலும் கொண்டுவருவேன். கழுவி, நிழலில் காயவைத்து, சுவரில் மாட்டும் வளையம், கண்ணாடிக்குச் சட்டம், விளக்குக்குக் கூடு என்று ஏதாவது செய்வேன். கடற்கரைக்குப் பக்கத்தில் வெள்ளைக்காரத் தெருவில் கடை வைத்திருக்கும் ஓர் அம்மா அவற்றை வாங்கி விற்பார். "ரஸ்டிக்கா இருக்கணும், பாலிஷ் போட்டுக் கெடுத்துடாத" என்பார். முரடாகவும் பழசாகவும் தெரிந்தால் போதும் என்று நானாகப் புரிந்துகொண்டேன்.

என் கணவர் சின்ன லோடு வண்டி ஓட்டுகிறார். அவருக்கு எந்தப் பக்கம் சவாரி கிடைக்கிறதோ அந்தப் பக்கம் எனக்கும் கொடி கிடைக்கும். அப்படித்தான் ஐப்பசி மழை சற்று விட்டிருந்த ஒரு காலையில் கனகசெட்டிக்குளத்துக்குப் போனோம். மீன்காரர்களுக்கு ஐஸ் பெட்டிகள் இறக்க வேண்டியிருந்தது. அவர் இறக்கட்டும் என்று நான் கத்தியையும் சாக்கையும் எடுத்துக்கொண்டு சவுக்குத் தோப்புப் பக்கம் நடந்தேன்.

தோப்பைத் தாண்டி, ஊரிலிருந்து தள்ளி, ஒரு பழைய மோட்டார் கொட்டாய் இருந்தது. சுற்றிலும் சீமைக் கருவேல முள். ஷீட் கூரை உள்ளே சரிந்திருந்தது. கதவு இருக்க வேண்டிய இடத்தில் பச்சை மட்டும்தான் தெரிந்தது. கட்டடம் முழுவதையும் சீந்தில் கொடி போர்த்தியிருந்தது. விரல் பருமனுக்கு நல்ல முற்றின கொடி, சொரசொரவென்று, மேல்தோல் காகிதம் போல உரிந்துகொண்டு இருந்தது. எனக்கு வாயில் எச்சில் ஊறாத குறைதான்.

கதவில்லாத ஒரு சின்ன ஜன்னல் வழியாக ஒரு கொடி உள்ளே போயிருந்தது. அதுதான் எல்லாவற்றிலும் நீளம். ஜன்னலுக்கு வெளியே நின்றபடியே அதைப் பிடித்து இழுத்தேன். முதலில் சுலபமாக வந்தது. பிறகு நின்றது. பலமாக இழுத்தேன். வரவில்லை. கொஞ்சம் தளர்த்தியபோது அது என் கையை விட்டு ஒரு சாண் உள்ளே போயிற்று. கொடிக்கு அப்படி ஒரு வலுவுண்டு, வளைந்தது நிமிரப் பார்க்கும் என்று தெரியும். ஆனாலும் மறுபுறம் யாரோ பிடித்துக்கொண்டிருப்பது போலத்தான் இருந்தது. ஒரு காலைச் சுவரில் ஊன்றி, உடம்பையே பின்னால் சாய்த்து இழுத்தேன்.

சட்டென்று விட்டது. அறுந்தது என்று சொல்ல மாட்டேன். அறுந்தால் சத்தம் வரும், நுனி பிய்ந்திருக்கும். இது விட்டது. நான் மல்லாந்து விழுந்தேன். கொடி ஜன்னல் விளிம்பைத் தாண்டி வந்தபோது 'டங்' என்று ஓர் இரும்புச் சத்தம் கேட்டது.

பார்த்தால் கொடியில் ஒரு சாவி. உள்ளங்கையைத் தாண்டி நீளும் பழங்காலத்துச் சாவி, ஓர் இரும்பு வளையத்தில் கோத்தது. அந்த வளையத்துக்குள் கொடி இளசாக இருக்கும்போதே நுழைந்து, பிறகு பருத்து, வளையத்தைத் தன் சதைக்குள் விழுங்கியிருந்தது. உருவிப் பார்த்தேன். அசையவில்லை.

கணவரிடம் காட்டினேன். "எவனோ கொட்டாய் சாவியத் தொலைச்சிட்டிருக்கான். நமக்கென்னா, போலாம் வா" என்றார்.

மோட்டார் கொட்டாய்க்கு இவ்வளவு அழகான சாவி எதற்கு என்று எனக்குத் தோன்றத்தான் செய்தது. ஆனால் தோன்றியதோடு சரி. கடையில் இது எடுபடும் என்ற சந்தோஷம் பெரிதாக இருந்தது.

வீட்டுக்கு வந்து, சாவி இருந்த நுனிப்பகுதியை மட்டும் தனியாக ஒரு பெரிய வளையமாகச் சுற்றினேன். சாவி தொளதொளவென்று ஆடாமல் இருக்க, வளையத்தின் அடியில் கீழ்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும்படி கம்பியும் தென்னங்கயிறும் வைத்து இறுகக் கட்டினேன். மீதிக் கொடியில் இன்னும் சில வளையங்கள் செய்து, பூச்சி அரிக்காமலிருக்கப் பளபளப்பில்லாத வார்னிஷ் அடித்து வைத்தேன். சாவி மட்டும் என்னைப் பாடாய்ப் படுத்திற்று. எத்தனை முறை துடைத்தாலும் மறுநாள் காலையில் ஈரமாக இருக்கும். கடற்கரையில் கிடந்த இரும்பு, உப்பு ஏறியிருக்கும், அதனால் கசிகிறது என்று கணவர் சொன்னார். சரியான காரணம்தான். ஆனால் தொட்டால் பிசுபிசுவென்று, இப்போதுதான் யாரோ வியர்த்த கையிலிருந்து வாங்கியது போலவே இருக்கும்.

கார்த்திகை பிறந்த பிறகு கடைக்கார அம்மா அதைத் தெருப் பக்கம் பார்த்த கண்ணாடிக்குள் மாட்டினார். கிறிஸ்துமஸுக்கு விற்றுவிடும் என்றார். ஒரு நாள் மத்தியானம் அவரிடமிருந்து போன் வந்தது.

"கொஞ்சம் வரியாம்மா? ஒரு அம்மா வந்து உன் வளையத்துக்கு முன்னாடி நின்னுனு இருக்காங்க. உள்ளயும் வரல, போகவும் இல்ல. பேசினா பதில் இல்ல. எனக்கு ஒரு மாதிரியா இருக்கு."

நான் போனபோதும் அவர் நின்றுகொண்டுதான் இருந்தார். எழுபது வயதிருக்கும். வெளுத்த நீலப் புடவை, கழுத்தில் மெல்லிய சங்கிலியில் சிலுவை, கையில் மடக்கின குடை. அந்தப் பக்கத்தில் அப்படிப்பட்டவர்களை மதாம் என்றுதான் கூப்பிடுவோம். கடைக்காரம்மா, "மதாம், இவங்கதான் அதைச் செஞ்சவங்க" என்றதும் என் பக்கம் திரும்பினார்.

"இது எங்க வூட்டுச் சாவி" என்றார். குரலில் கோபமோ அதிர்ச்சியோ இல்லை. நேரம் என்ன என்று கேட்டால் சொல்வது போலச் சொன்னார். "எங்க கிடைச்சிது?"

சொன்னேன். அவர் கனகசெட்டிக்குளம் என்று ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார்.

பழைய சாவிகள் எல்லாம் ஒன்று போலத்தான் இருக்கும் என்று கடைக்காரம்மா சமாதானம் சொல்லப் பார்த்தார். மதாம், "பூட்டு இங்கதான் இருக்கு, ரெண்டு தெரு தள்ளி. போட்டுப் பாத்துடலாம்" என்றார். சாவியைத் தனியாக எடுக்க முடியாது, எடுத்தால் கொடியை வெட்ட வேண்டும். அதனால் வளையத்தையே கழற்றித் தோளில் மாட்டிக்கொண்டு அவர் பின்னால் நடந்தேன்.

வழியில் அவர் சொன்னதுதான் இது. அவர் கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்றவர். பிள்ளைகள் பிரான்சிலேயே இருந்துவிட்டார்கள். இவர்கள் இருவர் மட்டும் இங்கே. கணவருக்குக் கடைசி இரண்டு வருடங்களில் ஞாபகம் தடுமாறத் தொடங்கியிருந்தது. மூன்று வருடத்துக்கு முன் ஒரு காலையில், ரொட்டி வாங்கி வருகிறேன் என்று கிளம்பினார். வாசற்கதவைப் பூட்டுவது, திறப்பது எல்லாம் அவர் வேலை. சாவியை எப்போதும் அவர்தான் வைத்திருப்பார். அன்றும் கையில் எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வரவில்லை. கடற்கரையில் பார்த்ததாக யாரோ சொன்னார்கள். கடல் கொண்டுபோயிருக்கும் என்று போலீசும் உறவுக்காரர்களும் முடிவுகட்டிவிட்டார்கள்.

"பூட்டை மாத்தலையா மதாம்?" என்று கேட்டேன்.

"மாத்தினா அவர் எப்படி உள்ள வருவார்? உள்தாழ்ப்பாள் கூடப் போடறதில்ல. அவருக்குக் கதவு தட்டப் பிடிக்காது."

மூன்று வருடமாகத் தாழ்ப்பாள் போடாத வீட்டில், தனியாக.

மஞ்சள் பூசின சுவர், உயரமான பச்சைக் கதவு. தன்னிடமிருந்த மாற்றுச் சாவியை அவர் வெளியே எடுக்கவில்லை. "நீயே போடு" என்றார். நான் வளையத்தைக் கதவுக்குக் குறுக்காகத் தூக்கிப் பிடித்து, வெளியே நீட்டிக்கொண்டிருந்த சாவியைத் துவாரத்தில் வைத்தேன். நுழைந்தது. துரு பிடித்த சாவி, இடறத்தான் செய்யும் என்று நினைத்து, வளையத்தை இரண்டு கையாலும் பிடித்து மெதுவாகத் திருப்பினேன். அவ்வளவு பெரிய கொடி வளையம் என் கையில் பாதிச் சுற்று சுற்றியது. பூட்டு ஒரு முனகல்கூட இல்லாமல் திறந்துகொண்டது. தினமும் அதே சாவியால் திறந்துகொண்டிருப்பது போல.

கதவு உட்பக்கம் போயிற்று. மதாம் முதலில் படியேறி, நடைக்குள் நின்று திரும்பி, "வாங்க" என்றார்.

என்னை இதுவரை 'நீ' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் கண் என் மீது இல்லை. என் தோளுக்கு மேலே, சற்று உயரத்தில் பார்த்துக்கொண்டிருந்தார். நான் திரும்பிப் பார்த்தேன். வெயிலில் தெரு வெறிச்சோடிக் கிடந்தது. எதிர்ச்சுவர் ஓரம் ஒரு ஸ்கூட்டர், அதன் சீட்டில் தூங்கும் பூனை. வேறு யாருமில்லை. நான் உள்ளே நுழைந்த பிறகும் மதாம் கதவைப் பிடித்தபடி ஒதுங்கி வழிவிட்டு நின்றார். ஒரு ஆள் உள்ளே வருவதற்கு ஆகும் நேரம் நின்றார். பிறகு கதவைச் சாத்தினார்.

அந்த வீட்டில் நான் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். வளையத்தை வைத்துவிட்டுப் போகட்டுமா என்று கேட்டேன். "வெச்சிட்டுப் போ. நாளைக்குக் காலைல அந்த எடத்துக்கு என்னை அழைச்சினு போ" என்றார்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். "கொடி திரும்ப இழுத்துச்சின்னு சொன்னியே" என்றார் அவர். ஆமாம் என்றேன். அவர் எழுந்து போய் அரிவாளை எடுத்து வண்டியில் வைத்தார்.

மறுநாள் லோடு வண்டியின் முன்சீட்டில் மூன்று பேரும் இடித்துக்கொண்டு போனோம். மதாம் மடியில் வளையத்தை வைத்திருந்தார். கனகசெட்டிக்குளத்தில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த ஓர் அக்காவிடம் கணவர் விசாரித்தார். அந்தக் கொட்டாய் யாருடையது, அங்கே யாராவது போவார்களா என்று.

"அங்க யாரு போவா? மொதலாளி செத்து எத்தினியோ வருசமாச்சி. ஒரே முள்ளு." அவர் மதாம் மடியிலிருந்த சாவியைப் பார்த்துவிட்டார். கையிலிருந்த மீனைத் தட்டில் போட்டார். "இத்த நான் பாத்திருக்கேன். ஒரு பெரியவரு வெச்சினு இருந்தாரு."

மதாம் வளையத்தோடு வண்டியிலிருந்து இறங்கினார்.

"ரெண்டு மூணு வருசம் இருக்கும். ஜம்முனு பேன்ட் சட்ட, ஷூ. கொட்டாய் கதவுல இந்தச் சாவிய வெச்சித் திருப்பினே இருந்தாரு. 'இன்னா பெரியவரே'ன்னு கேட்டா, இது என் வூடு, பூட்டு ரிப்பேரு, உள்ள என் சம்சாரம் இருக்கா, கூப்ட்டா கேக்கலன்றாரு. நடுவுல நடுவுல என்னமோ வேற பாஷ. நாங்க வூட்டாண்ட கூட்டினு வந்து சோறு போட்டோம். மறுநா பாத்தா ஆளக் காணோம். யாரோ புள்ளைங்க வந்து அழைச்சினு போய்ட்டாங்கன்னு நெனச்சோம்மா."

மதாம் தோப்புப் பக்கம் நடக்கத் தொடங்கினார்.

கணவர் அரிவாளால் முள்ளை வெட்டி வழி செய்தார். கொட்டாயின் பின்சுவர் எப்போதோ இடிந்திருந்தது. அந்த ஓட்டை வழியாக ஒரு ஆள் நுழையலாம். இப்போது அதையும் கொடி மூடியிருந்தது. அவர் வெட்டி ஒதுக்கிக்கொண்டு உள்ளே ஓரடி வைத்தார். வெளியே நின்ற எனக்கு அவர் முதுகு மட்டும் தெரிந்தது. அந்த முதுகு அசையாமல் நின்றது. பிறகு அவர் திரும்பாமலேயே, வந்த வழியில் பின்னாலேயே நடந்து வெளியே வந்தார்.

"மதாம்" என்றார். "ஷூ என்னா கலருங்க?"

"பழுப்பு. கயிறு கட்டறது. ரெண்டு முடிச்சு போடுவார்."

கணவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு போனை எடுத்துப் போலீசுக்குச் சொன்னார்.

அவர்கள் வரும்வரை தோப்பில் உட்கார்ந்திருந்தோம். காற்றில் சவுக்கு மரங்கள் ஒரே சுருதியில் இரைந்துகொண்டிருந்தன. மீன்கார அக்காவும் எங்கள் பின்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார். "பக்கத்துலயே இருந்தும் தெரியாம பூட்டுதே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். "கருவாடு காயற ஊரும்மா. நாத்தம் வந்தா எதுன்னு கவனிக்கறது?" சொன்ன பிறகுதான் யார் முன்னால் சொல்கிறோம் என்று உறைத்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

மதாம் அவரைப் பார்த்தார். "அன்னிக்கு என்ன குடுத்தீங்க, சாப்பிட?"

"சோறும் சுறாப் புட்டும். ரசம்."

"சாப்ட்டாரா?"

"நல்லா சாப்ட்டாரு. ரெண்டாந்தரம் கேட்டு வாங்கிச் சாப்ட்டாரு. மெர்சின்னாரு, நன்றின்னு அர்த்தமாம். எங்க புள்ளைங்க அத்தையே சொல்லிச் சிரிச்சினு இருந்துதுங்க."

மதாம் அப்போதுதான் அழுதார். குடையின் கைப்பிடியில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதார். மீன்கார அக்கா நகர்ந்து வந்து அவர் முதுகில் கை வைத்தார்.

போலீஸ்காரர்கள் வந்து வெகுநேரம் உள்ளேயே இருந்தார்கள். எங்களைப் பார்க்க விடவில்லை. பிறகு கணவர் சொல்லித்தான் தெரியும். பெரியவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்த நிலையில் இருந்தாராம். கதவைப் பார்த்தபடி. கொடி அவர் மேல் ஏறி, சட்டைக்குள் புகுந்து, எலும்புகளோடு எலும்பாகப் பின்னியிருந்ததாம். அதைத் துண்டு துண்டாக நறுக்கித்தான் அவரை எடுக்க முடிந்ததாம். வலது கை மட்டும் கொடி சுற்றாமல் மடியில் கிடந்ததாம், விரல்கள் விரிந்து.

நான் அதைக் கேட்டுவிட்டு மொட்டைமாடிக்குப் போய் நெடுநேரம் என் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாவி வேண்டும் என்று போலீசில் கேட்டார்கள். ஸ்டேஷனில் ஒரு காவலர் வளையத்தை மேசைமேல் வைத்து, வெட்டும் குறடால் கொடியை நறுக்கினார். நான் அதைச் செய்து வாரக்கணக்கில் ஆகியிருந்தது. சுவரில் காய்ந்து தொங்கியது. ஆனாலும் வெட்டின இடத்தில் நீர் துளிர்த்து, மேசைமேல் இருந்த காகிதத்தில் சொட்டியது. காவலர் விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். "காஞ்சி போனதுதானம்மா இது?" என்று என்னைக் கேட்டார். நான் தலையாட்டினேன்.

பிள்ளைகள் பிரான்சிலிருந்து வந்தார்கள். பரிசோதனை எல்லாம் முடிந்து பெரியவரை அடக்கம் செய்தபோது, சவப்பெட்டியின் மேல் வைக்க ஒரு கூரோன் செய்து தரச் சொல்லி மதாம் கேட்டனுப்பினார். மலர்வளையத்துக்கு அவர்கள் வீட்டில் அதுதான் சொல். கொடி எதையும் தொட எனக்குக் கை வரவில்லை. கடல் கழுவி வெளுத்த சவுக்கு வேர்களை வளைத்துக் கட்டி, வெள்ளைச் சம்பங்கியைச் செருகிக் கொடுத்தேன். கல்லறையில் மதாமுக்குப் பக்கத்தில் கனகசெட்டிக்குளத்து அக்கா நின்றிருந்தார். தலையில் முக்காடு போட்டு, மற்றவர்கள் செய்வதைப் பார்த்துப் பார்த்து அவரும் ஒரு பிடி மண் போட்டார். மதாம்தான் வண்டி அனுப்பி அழைத்திருந்தார். மாதம் ஒருமுறையாவது இருவரும் இப்போதும் பார்த்துக்கொள்கிறார்கள்.

இதோடு முடிந்துவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன். பொங்கல் கழிந்து ஒரு நாள், வேறு வேலையாகப் போனபோது ஒரு காபிக் கடைக்குள் நுழைந்தேன். மாடியெல்லாம் பிரம்பு நாற்காலி போட்டு, வெளியூர்ப் பிள்ளைகள் வந்து படம் எடுத்துக்கொள்ளும் கடை. உட்கார்ந்து நிமிர்ந்தால் எதிர்ச்சுவரில் என் வளையம். அதே கொடியின் மீதியில் செய்தது. வெள்ளைக்காரத் தெருக் கடையிலிருந்து இவர்கள் வாங்கியிருக்கிறார்கள்.

அதில் இலை விட்டிருந்தது. சின்னச் சின்னதாக, வெற்றிலை போல, பளபளவென்று. வளையத்தின் அடியிலிருந்து நூல் போல ஒரு வேர் இறங்கி, கீழே இருந்த நாற்காலியின் முதுகைத் தொட்டுக்கொண்டிருந்தது. சீந்திலுக்கு அது சகஜம். அறுத்துத் தொங்கவிட்டாலும் சாகாது, மண்ணைத் தேடி நூல் விடும், வேலியில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஆனால் நான் அதற்கு வார்னிஷ் அடித்திருந்தேன்.

கடை முதலாளி இளைஞர். அவரிடம் போய், இது நான் செய்ததுதான், சரியாகக் காயவில்லை, எடுத்துக்கொண்டு வேறு நல்லதாகத் தருகிறேன் என்றேன்.

"ஐயோ, வேணாம்க்கா" என்றார். "இப்பதான் சூப்பரா இருக்கு. எல்லாரும் அந்த சீட்டுதான் கேக்கறாங்க. தண்ணிகூட ஊத்தறதில்ல, தானா வளருது."

நான் இன்னொரு முறை கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே மறுத்தார். அவரிடம் என்ன காரணத்தைச் சொல்வது?

அதற்குள் ஒரு பெண் வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். நூல் அவள் கழுத்தில் பட்டிருக்க வேண்டும். திரும்பிப் பார்க்காமலே, முடியை ஒதுக்குவது போல அதைத் தோளுக்கு முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டு, விரலில் சுற்றியபடியே பேசிக்கொண்டிருந்தாள். நான் காபி வருமுன் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.